உப்புக்காற்றில் ஓர் ஆக்சைடுப் படலம்

"பீக் நல்லா வந்திருக்கு, அப்ப ஃபிலிம் ஓகே." துத்தநாக ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு என்று கண்ணாடிமேல் நானோமீட்டர் கணக்கில் மென்படலம் செய்கிறவர்கள் மத்தியில் இந்த வாக்கியம் ஒரு முத்திரை. எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்ரே சிதறலால் படிக அடுக்கைப் பார்க்கும் அளவீட்டின் வரைபடத்தில், 34.4 டிகிரியில் துத்தநாக ஆக்சைடின் (002) படிகத் தளத்துக்குரிய பீக் ஊசிபோல எழுந்துவிட்டால் படலத்தின் தரம் முடிவாகிவிட்டது. அதன்பிறகு மின்தடை ஆடினால் குற்றவாளியை வெளியேதான் தேடுவார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் அந்தக் குற்றவாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: "மண்டபம் பக்கம் உட்கார்ந்து இதெல்லாம் அளக்க முடியாது, உப்புக்காத்து." இந்த இரண்டு வாக்கியங்களும் எனக்கு உறுத்தலாகவே இருந்துவருகின்றன. முதலாவது, படலத்தின் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு மேற்பரப்புக்குச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கிறது. இரண்டாவது, மேற்பரப்பு சொல்லும் சேதியை இரைச்சல் என்று தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே, நாம் உண்மையில் அளக்க வந்த பொருள் காணாமல் போகிறது.

300 நானோமீட்டர் படலத்தில் எக்ஸ்ரே முழுத் தடிமனையும் ஊடுருவிச் சராசரி எடுக்கிறது. மேலே இருக்கும் 3 நானோமீட்டர் அதில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு முழுக்கக் குலைந்து கிடந்தாலும் பீக் அசையாது. ஆனால் மின்தடை அசையும், சில சமயம் பல மடங்கு. வாயு உணரி செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மீன் கெடும்போது வரும் டிரைமெத்தில் அமீனையோ அமோனியாவையோ படலம் மேற்பரப்பில்தான் உணர்கிறது. 1962-இல் ஜப்பானிய ஆய்வாளர் செயாமாவின் குழுவினர் துத்தநாக ஆக்சைடுப் படலத்தால் வாயுவைக் கண்டறியலாம் என்று காட்டியதே மேற்பரப்பு எலக்ட்ரானின் கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் எண்கள்தான் கண்ணைத் திறக்கின்றன. ஒரு கனசென்டிமீட்டருக்கு 10¹⁸ எலக்ட்ரான்கள் கொண்ட துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டி, ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் ஆற்றல் பட்டை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் மட்டங்களின் தொகுதி, மேற்பரப்பருகே அரை எலக்ட்ரான் வோல்ட் மேலே வளைகிறது என்றால், மேலிருந்து சுமார் 22 நானோமீட்டர் ஆழம்வரை கடத்தும் எலக்ட்ரான்கள் இல்லாமல் போகின்றன. அதற்குத் தேவையான ஆக்சிஜன் எவ்வளவு? சதுர சென்டிமீட்டருக்கு 2×10¹² மூலக்கூறுகள். மேற்பரப்பில் இருக்கும் அணு இடங்கள் 10¹⁵ அளவில். அதாவது 500 இடங்களில் ஓர் இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்தாலே 22 நானோமீட்டர் காலி. 300 நானோமீட்டர் படலத்துக்கு இது நூற்றுக்கு 7 இழப்பு. 50 நானோமீட்டர் படலத்துக்கு 44. எக்ஸ்ஆர்டியில் இரண்டும் ஒரே மாதிரி நல்ல பீக் காட்டும்.

இதுகூட ஒற்றைப்படிகத்துக்கான கணக்கு. ஸ்ப்ரே பைராலிசிஸில், அதாவது சூடான கண்ணாடிமேல் கரைசலைத் தெளித்துச் சிதைக்கும் முறையில், வரும் படலம் பொடிப்பொடித் துகள்களின் அடுக்கு. ஒவ்வொரு துகளின் விளிம்பும் ஒரு மேற்பரப்புதான். துகளிலிருந்து துகளுக்கு எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தடுப்பு 0.1 எலக்ட்ரான் வோல்ட் கூடினால், அறை வெப்பநிலையில் மின்தடை ஏறக்குறைய 48 மடங்கு ஏறும். துகள் 30 நானோமீட்டர்தான் என்றால் இரண்டு பக்கமும் இருந்து காலியாகி, நடுவில் எலக்ட்ரானே மிஞ்சாது. காலையில் 2 மெகா ஓம், சாயங்காலம் 40 மெகா ஓம் என்று மீட்டர் காட்டுவது மீட்டரின் கோளாறாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வளைவு எப்போதும் மேல்நோக்கி என்றும் நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் பட்ட துத்தநாக ஆக்சைடில் பட்டை கீழ்நோக்கி வளைந்து, மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் தேங்கும். இண்டியம் ஆக்சைடு அப்படித் தேக்கிவைப்பதற்குப் பேர்போனது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் மேற்பரப்பில் இருபரிமாண எலக்ட்ரான் படலம் இருப்பதாக 2011-இல் இரண்டு குழுக்கள், ஒளிபட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை அளக்கும் ஒளியுமிழ்வு அளவீட்டில் காட்டின. அளக்கப் பயன்படுத்திய புறஊதா ஒளியே அந்த எலக்ட்ரான் அடர்த்தியை ஏற்றுகிறது என்பது அதில் எனக்கு முக்கியமாகப் படும் பாடம். விளக்கைப் போட்டுப் பார்ப்பதே பார்க்கும் பொருளை மாற்றுகிறது என்றால், ராமேசுவரத்து வெயில் விழும் ஜன்னலோர மேசையைப் பற்றி என்ன சொல்வது? துத்தநாக ஆக்சைடின் பட்டை இடைவெளிக்குரிய ஒளி, அதாவது எலக்ட்ரானை விடுவித்துக் கடத்தவைக்கும் ஒளி, 375 நானோமீட்டர் பக்கம். சாதாரண ஜன்னல் கண்ணாடி 320-க்குக் கீழேதான் சரியாகத் தடுக்கும். ஆகவே மூடிய ஜன்னலும் படலத்துக்குத் திறந்த ஜன்னல்தான்.

கச்சானும் வாடையும்

இந்தக் கரையின் தனித்தன்மை இரண்டு கடல். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் அலை புரண்டு உப்புத்துளி கிளம்பும். வாடை தொடங்கியதும் பாக் நீரிணைப் பக்கம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். மண்டபம், பாம்பன் போன்ற இடங்களுக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று பெரிதாகக் கிடையாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு பிரிவை வைத்திருப்பதும், 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு காலமெல்லாம் பெயின்டுக்குக் காத்திருந்ததும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

படலத்துக்கு இதில் முக்கியமான விஷயம் உப்பின் கலவை. சுத்தமான சோடியம் குளோரைடு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். ஆகையால் உச்சிவெயிலில் "காத்து காய்ஞ்சிருக்கு" என்று நமக்குத் தோன்றும் நேரத்திலும் கண்ணாடிமேல் படிந்த உப்புத்துகளைச் சுற்றி ஒரு நீர்ப்பூச்சு இருக்கும். அந்த நீர்ப்பூச்சு அயனிகளால் மின்சாரம் கடத்தும். இந்தக் கடத்தல் மேற்பரப்பு எலக்ட்ரான் நிலை (மேற்பரப்பில் எலக்ட்ரான் சிக்கிக்கொள்வதோ தேங்குவதோ) இல்லை, படலத்தின் பண்பும் இல்லை, வெறும் அழுக்கு. ஆனால் மீட்டர் மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டித்தான் காட்டும்.

எனவே, மின்தடை ஆடினாலே "மேற்பரப்பு நிலைகளின் விளைவு" என்று எழுதிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெயரைச் சொல்ல ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமை படலம் செய்யும்போதே சம்பாதிக்க வேண்டியது.

படலம் செய்யும்போது

ஸ்ப்ரே முறையில் துத்தநாக ஆக்சைடு செய்யத் தெளிக்கும் கரைசல் இது: ஜிங்க் (துத்தநாக) அசிடேட் டைஹைட்ரேட் 2.195 கிராம், 100 மில்லி கரைசலுக்கு, அது 0.1 மோலார். மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு நீர். பால்போலக் கலங்கினால் ஹைட்ராக்சைடு பிரிகிறது என்று அர்த்தம், அசிடிக் அமிலம் சில துளி விட்டால் தெளியும். குளோரைடு உப்பில் தொடங்காமல் அசிடேட்டில் தொடங்குவதற்கு இந்தக் கரையில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு: பின்னால் படலத்தில் குளோரின் தென்பட்டால், அது கரைசலிலிருந்து வந்திருக்க முடியாது என்று துணிந்து சொல்லலாம்.

கண்ணாடி கழுவுவதில்தான் பாதிப் படலங்கள் கெடுகின்றன. சோப்புக் கரைசல், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று அல்ட்ராசானிக்கில் பத்துப் பத்து நிமிடம் போட்டுவிட்டு, கடைசியில் உவர்ப்புத் தண்ணீரில் காய்ச்சி வடித்த அரைகுறை நீரில் அலசினால் எல்லாம் வீண். கடைசி அலசல் நீரில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு துளி, சில்வர் நைட்ரேட் இரண்டு துளி விடுங்கள். லேசாக வெண்மை படர்ந்தால்கூட அந்த நீரை ஒதுக்கிவிட வேண்டும். கடத்துதிறன் மீட்டர் இருந்தால் சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோ சீமென்ஸுக்குக் கீழே இருக்கட்டும். அலசியதை மேசையில் வைத்து உலர்த்தக் கூடாது. உலரும் அந்தப் பத்து நிமிடத்தில் ஜன்னல்வழி வரும் உப்பே போதும். நேராக 120 டிகிரி அடுப்புக்குள் போக வேண்டும்.

ஹாட் பிளேட் 400 காட்டினால் கண்ணாடியின் மேல்முகம் 400 இல்லை. 30 முதல் 50 டிகிரி குறைவாக இருப்பது வழக்கம். அதே தடிமனில் ஒரு வெட்டிக் கண்ணாடிமேல் தெர்மோகப்பிளை ஒட்டிப் பார்த்து, மேல்முகம் 400 வரும்படி வைக்க வேண்டும். நாசிலுக்கும் கண்ணாடிக்கும் 25 முதல் 30 சென்டிமீட்டர், கரைசல் நிமிடத்துக்கு 4 மில்லி, ஐந்து விநாடி தெளிப்பு, பிறகு வெப்பம் மீளும்வரை அரை நிமிடமாவது நிறுத்தம். மேல்முகம் 350-க்குக் கீழே இறங்கினால் அசிடேட் முழுதாகச் சிதையாமல் கரி தங்கிவிடும். மிக ஏறினால் துளிகள் வழியிலேயே காய்ந்து, ஒட்டாத வெள்ளைப் பொடியாக விழும். துணியால் துடைத்தாலே வந்துவிடும்.

கம்ப்ரசர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி. அதைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் தெளிக்கும் கரைசலிலேயே நீர் இருக்கிறது. பயப்பட வேண்டியது அந்தக் காற்றோடு வரும் எண்ணெய்க்கும் உப்புத்துளிக்கும். எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர், அதன்பின் நுண்துகள் ஃபில்டர், கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாய் கடலுக்கு முதுகு காட்டி இருப்பது, டாங்கின் அடியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடுவது. இவ்வளவும் செய்தால் போதும்.

தெளித்து முடித்த பிறகு அவசரப்படக் கூடாது. ஆறும் நேரத்தில்தான் மேற்பரப்பு எதைத் தன்மேல் ஏற்றிக்கொள்வது என்று தீர்மானிக்கிறது. 400-லிருந்து நேரே ஈரக்காற்றுக்குத் திறந்தால் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு 120 டிகிரியில் எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் மேலோட்டமான நீர்தான் போகும். ஹைட்ராக்சிலை அசைக்க 300-க்கு மேலாவது போக வேண்டியிருக்கும். கண்ணாடி மூடி கவிழ்த்து, உலர்காற்று மெல்ல ஓடும்படி, 60 டிகிரி வரும்வரை விட்டுவைப்பது நல்லது.

வெற்றுக் கண்ணாடி

இவ்வளவு கவனமாகச் செய்த படலமும் ஆடும். இப்போது ஆட்டம் யாருடையது? இந்த இடத்தில் எனக்கு எல்லாக் கருவிகளையும்விடப் பெரிதாகத் தெரிவது, படலமே இல்லாத ஒரு கண்ணாடித்துண்டு. அதே பெட்டியிலிருந்து எடுத்து, அதே நீரில் கழுவி, அதே ஹாட் பிளேட்டில் ஒரு தகட்டின் மறைவில் அதே நேரம் சூடாகி, அதே இடைவெளியில் அதே மின்முனைகள் வைக்கப்பட்ட துண்டு. படலத்தையும் இதையும் ஓர் எவர்சில்வர் டப்பாவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒயர்களை டெஃப்லான் வழியாக வெளியே எடுத்து, டப்பாவை மூடிவிட வேண்டும். இரண்டின் மின்தடையையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு முழு நாள் பதிவு செய்யுங்கள். ஈரப்பதம் ஏற ஏற வெற்றுக் கண்ணாடியின் மின்தடையும் இறங்கினால், அது உப்பும் நீரும். அது அசையாமல் நிற்க, படலம் மட்டும் நகர்ந்தால், அப்போதுதான் படலத்தின் மேற்பரப்பு பேசத் தொடங்கியிருக்கிறது.

டப்பாவுக்குள் ஈரப்பதத்தை நிலைநிறுத்த விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உப்பின் நிறைகரைசல் ஒரு சின்னக் கிண்ணத்தில் போதும்: 25 டிகிரி அளவில் லித்தியம் குளோரைடு 11 விழுக்காடு, மெக்னீசியம் குளோரைடு 33, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் சல்பேட் 97. அளவீட்டைக் கெடுப்பதாக நாம் குறைசொல்லும் அதே உப்பு, இங்கே அளவுகோலாக நிற்கிறது. வாலிநோக்கத்து உப்பைத் தொட்டுக்கொள்ளாமல் ஆய்வகத் தூய்மை உள்ளதைப் பயன்படுத்துங்கள். உப்பளத்து உப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் 75 நிற்காது. கரைசலின் அடியில் கரையாத உப்பு எப்போதும் கொஞ்சம் கிடக்க வேண்டும்.

இன்னொரு சோதனை ஒளி. டப்பாவில் ஒரு சின்ன குவார்ட்ஸ் ஜன்னல், வெளியே 365 நானோமீட்டர் எல்இடி. பத்து நிமிடம் ஒளி பட்டால் மின்தடை சரியும்: ஒளியில் பிறந்த துளைகள் (எலக்ட்ரான் கிளம்பிப்போனதால் விழுந்த, நேர்மின் போல நகரும் வெற்றிடங்கள்) மேற்பரப்புக்குப் போய் அங்கே ஒட்டியிருக்கும் ஆக்சிஜனின் எலக்ட்ரானோடு சேர்ந்துவிட, ஆக்சிஜன் கழன்று போகிறது, அதன் ஜோடி எலக்ட்ரான் படலத்தில் மிச்சமாகிறது. ஒளியை அணைத்ததும் மின்தடை எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று பாருங்கள். முதலில் உலர்காற்றில், பிறகு உலர் நைட்ரஜனில். காற்றில் ஒரு மணி நேரத்தில் பாதி மீண்டு, நைட்ரஜனில் ஒரு நாளானாலும் அசையாமல் கிடந்தால், அந்த எலக்ட்ரான்களைப் பிடித்து ஆண்டது மேற்பரப்பு ஆக்சிஜன்தான். இரண்டிலும் ஒரே வேகம் என்றால், எலக்ட்ரானைப் பிடிக்கும் பொறி படலத்துக்கு உள்ளே இருக்கிறது. மேற்பரப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. இந்தச் சோதனைகளை ஆரம்பிக்கும் முன் படலம் குறைந்தது 24 மணி நேரம் இருட்டில் இருந்திருக்க வேண்டும். ஜன்னலோரம் கிடந்த படலத்தை எடுத்து வந்து உடனே அளந்தால், நேற்றைய வெயிலைத்தான் அளக்கிறோம்.

மின்முனை விஷயத்திலும் கடல் தலையிடும். வெள்ளிப் பசை வசதிதான், ஆனால் ஈரமும் குளோரைடும் இருக்கும் இடத்தில் மின்னழுத்தம் கொடுத்துவைத்தால் வெள்ளி நகர்ந்து இழைவிட ஆரம்பிக்கும். இண்டியம் பொட்டு துத்தநாக ஆக்சைடோடு நன்றாகச் சேரும், ஆனால் 157 டிகிரியில் உருகிவிடும். சூடான உணரிச் சோதனைக்கு ஆகாது. டைட்டானியம் அடிப்பூச்சின்மேல் தங்கம் என்றால் கவலை குறைவு. ஒரு வோல்ட்டுக்குமேல் கொடுக்காமல், திசையை மாற்றி மாற்றி அளந்தால் இன்னொரு தகவலும் இலவசமாகக் கிடைக்கும். திசை மாற்றியதும் மின்னோட்டம் துள்ளி மெல்லத் தேய்ந்தால் பெரும்பாலும் அயனிக் கடத்தல். உடனே அதே அளவில் நின்றால் எலக்ட்ரான்.

531.5-இல் இருப்பது காலியிடம் அல்ல

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே பட்டு மேற்பரப்பிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது) எடுத்து வந்து, ஆக்சிஜன் 1எஸ் கோட்டை, அதாவது ஆக்சிஜனின் உள்கூட்டு எலக்ட்ரான் தரும் கோட்டை, இரண்டாகப் பிரித்து, 530 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இருப்பது படிக ஆக்சிஜன், 531.5 பக்கம் இருப்பது "ஆக்சிஜன் காலியிடம்" என்று எழுதும் வழக்கம் பரவிக் கிடக்கிறது. இதைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலியிடத்தில் ஆக்சிஜன் இல்லை. இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் வராது. காற்றில் கிடந்த படலத்தில் 531.5 பெரும்பாலும் ஹைட்ராக்சிலும் கார்பனேட்டும்தான். கடலோர ஈரக்காற்றில் ஒரு வாரம் கிடந்த படலத்தில் அந்தக் கோடு பருத்திருப்பதைக் கண்டு "காலியிடம் அதிகம், ஆகவே உணர்திறன் அதிகம்" என்று முடிவுகட்டுவது, ஈரத்தை அளந்துவிட்டு வேறு பெயர் வைப்பது.

அதே எக்ஸ்பிஎஸ்ஸில் உருப்படியாகப் பார்க்க வேண்டியவை வேறு. சோடியம் தெரிந்தால் உடனே கடலைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண ஸ்லைடு கண்ணாடியில் எடைக்கு 13, 14 விழுக்காடு சோடியம் ஆக்சைடு இருக்கிறது. 400 டிகிரியில் அது கீழிருந்து படலத்துக்குள் ஏறும். 198, 199 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் குளோரினும் கூடவே இருந்தால் கடல். சோடியம் மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் கண்ணாடி. குவார்ட்ஸ்மேல் அதே படலத்தைப் போட்டுப் பார்த்தால் உறுதியாகும். வெள்ளீய ஆக்சைடு செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: அலுமினிய எக்ஸ்ரே மூலத்தில் சோடியத்தின் ஆஜே கோடு (எக்ஸ்ரே பட்ட அணு இரண்டாவதாக உமிழும் எலக்ட்ரானின் கோடு) 497 அருகே விழும், வெள்ளீயத்தின் 3டி இரட்டையில் 495-இல் இருக்கும் கோட்டை ஒட்டியபடி. அந்தப் பக்கம் தோள் பருத்திருந்தால் வெள்ளீயத்தின் வேறு நிலை என்று நினைத்துவிட வேண்டாம்; 1071-இல் சோடியத்தின் முதன்மைக் கோட்டைத் தேடுங்கள்.

தடிமனைக் கேட்பது

மேற்பரப்பையும் உட்புறத்தையும் பிரிக்க மீட்டர் ஒன்றே போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, ஒரே தெளிப்பில் ஐந்து தடிமன்கள் செய்வதைத்தான் சொல்வேன். ஐந்து கண்ணாடிகளையும் ஒரே ஹாட் பிளேட்டில் வைத்து, 100 நானோமீட்டர் ஆனதும் முதல் கண்ணாடியைத் தகட்டால் மூடிவிட வேண்டும். 150, 200, 300, 400 என்று வரிசையாக. எடுத்துவிடாமல் மூடுவதற்குக் காரணம், ஐந்தும் ஒரே நேரம் சூட்டில் இருந்தாக வேண்டும். ஆறியபின் ஒவ்வொன்றின் தகட்டுக் கடத்துதிறனை (படலம் முழுத் தடிமனும் சேர்ந்து கடத்தும் அளவை) நான்கு முனை தொட்டு அளக்கும் நான்முனை முறையில் அளந்து, தடிமனுக்கு எதிராக வரையுங்கள். மேற்பரப்பு காலியாகியிருந்தால் கோடு தடிமன் அச்சை 20, 30 நானோமீட்டரில் வெட்டும். எலக்ட்ரான்கள் தேங்கியிருந்தால், தடிமன் பூஜ்யத்திலும் கோடு மேலேயே நிற்கும். இப்போது ஒளியடித்து அதே ஐந்தையும் மறுபடி அளந்தால், சாய்வு மாறாமல் கோடு மட்டும் நகர்ந்தால் மாற்றம் மேல்முகத்தில். சாய்வே மாறினால் உள்ளே துகள்விளிம்புகளில். ஸ்ப்ரே படலத்தில் தடிமன் ஏற ஏறத் துகளும் பருக்கும் என்பதால் கோடு சற்று வளையலாம். வளைவு பெரிதாக இருந்தால் வெட்டும் இடத்தை நம்பக் கூடாது, அந்தத் தொகுதியை மறுபடி செய்ய வேண்டும்.

இந்த ஐந்து துண்டுகளையும் வெற்றுக் கண்ணாடியையும் வைத்திருக்கும் டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிக்கலம்) ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் இந்தக் கரையில் சீக்கிரம் நிறம் மாறிவிடும். மாறியதை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம். பதிவேட்டில் தடிமன், வெப்பநிலை எழுதும் வரிசையிலேயே இன்னும் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: அன்று வீசியது கச்சானா வாடையா, அறையின் ஈரப்பதம் எவ்வளவு, படலம் கடைசியாக வெளிச்சம் கண்டு எத்தனை மணி நேரமாயிற்று.